திருத்தணி வட்டார வரலாற்றில் மகிழ்ச்சியின் வேறுபாடுகள்: ‘தணிதல்’ என்னும் கருத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மக்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருவது எது, அம்மகிழ்ச்சி ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்னும் வினாக்கள் இன்று பெரும்பாலும் உளவியல், பொருளியல் துறைகளின் அளவைகளைக் கொண்டே ஆராயப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வினாக்களை ஒரு வட்டாரத்தின் வரலாற்றில் வைத்துப் பார்க்கிறது. திருத்தணி மலையோடு தொடர்புடைய கல்வெட்டு, இசைமரபு, அருட்பா, படித்திருவிழா, காவடி வழிபாடு, வடக்கெல்லைப் போராட்டம் ஆகியவற்றில் பதிவான மகிழ்ச்சிகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு துன்பம் தணிந்ததன் விளைவுகளே என்பதும், தணிந்த துன்பம் வேறுபடுவதால் மகிழ்ச்சியும் வேறுபடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். அக்கருதுகோளுக்கு அடங்காத சான்றுகளும் உடன் வைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திருத்தணி, கே.ஜி.கண்டிகை, உவகை, தணிதல், வள்ளலார், படித்திருவிழா, வடக்கெல்லை.

முன்னுரை

அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாட்லி கான்ட்ரில் 1965இல் வெளியிட்ட ஆய்வு, மகிழ்ச்சியை அளக்க ஓர் ஏணியைப் பயன்படுத்தியது. ஏணியின் உச்சியில் தாம் எண்ணிப் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு. அடியில் மிக மோசமான வாழ்வு. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே வினா. உச்சி எது, அடி எது என்பதை ஆய்வாளர் வரையறுக்கவில்லை, விடையளிப்பவரே வரையறுத்துக்கொண்டார். அவ்வாய்வு நடந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இந்திய வேளாண் கூலித் தொழிலாளர் ஒருவர் தமக்கு வேண்டியவை என ஒரு மகன், உழுவதற்குச் சொந்தமாகச் சிறிது நிலம், ஒரு வீடு, பாலுக்கு ஒரு பசு, மனைவிக்கு நல்ல துணி ஆகியவற்றைச் சொன்னார். அமெரிக்கர் ஒருவர் புதிய கார், நல்ல அறைகலன்கள், கூடுதலான விடுமுறைப் பயணங்கள் என்றார். இருவரும் ஒரே எண்ணுள்ள படியைச் சுட்டியிருந்தாலும் அவர்கள் நிற்கும் இடம் ஒன்றாகாது. 1974இல் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின், நாட்டின் வருவாய் பெருகுவதால் மட்டும் மக்களின் மகிழ்ச்சி அதே அளவில் பெருகுவதில்லை என வாதிட்டபோது கான்ட்ரிலின் தரவுகளையும் எடுத்துக்கொண்டார்.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் அதே ஏணியைத்தான் பயன்படுத்துகிறது. 2024ஆம் ஆண்டின் அறிக்கையில் 143 நாடுகளுள் இந்தியா 126ஆம் இடத்தைப் பெற்றது. மத்தியப் பிரதேச அரசு 2016இல் மகிழ்ச்சிக்கெனத் தனித்துறையே அமைத்தது. ஏணி ஒரு காலப்புள்ளியைக் காட்டும். அப்படிக்கு ஒருவர் எங்கிருந்து ஏறிவந்தார், எதை விட்டு வந்தார் என்பதை அது கேட்பதில்லை. அவ்வினா வரலாற்றுத்துறைக்கு உரியது. திருத்தணி வட்டாரம் அவ்வினாவிற்குப் பொருத்தமான களம் என்பதற்கு ஊர்ப்பெயரைச் சுற்றி வளர்ந்த மரபே முதற் காரணம்.

சொல்லும் ஊரும்

தமிழில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் ஒரே பொருளின் மாற்றுருவங்கள் அல்ல. ‘மகிழ்’ என்பது சங்க இலக்கியத்தில் கள்ளையும் கள்ளுண்ட களிப்பையும் குறித்தது. வேந்தனின் அவையிருப்பு ‘நாண்மகிழ் இருக்கை’ எனப்பட்டதும் அப்பொருளில்தான். திருக்குறள் பொச்சாவாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, அளவு கடந்த சினத்தைவிடப் பேருவகையால் வரும் மறதி தீயது எனச் சினத்தையும் களிப்பையும் ஒரே தராசில் வைக்கிறது. மகிழ்ச்சி என்றாலே நன்மை என்னும் இற்றை நாளைய எண்ணம் வள்ளுவரிடம் இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அறிவு பெறுவதில் உவப்பவரும், பொருள் பெறுவதில் உவப்பவரும், அன்பரைச் சேர்வதில் உவப்பவரும், ஆடிப் பாடுவதில் உவப்பவரும் வெவ்வேறு மனிதர்கள். அல்லது ஒரே மனிதரின் வெவ்வேறு பொழுதுகள். அந்நூற்பா நான்கையும் எண்ணுவதோடு நிற்கவில்லை. உவகை அல்லல் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்னும் அடைமொழியையும் சேர்க்கிறது. அல்லல் நீங்குதல் உவகையின் இயல்பா, உவகைக்கு விதித்த நிபந்தனையா என்பது எண்ணத்தக்கது. இரு வகையாகவும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. இக்கட்டுரைக்கு இரண்டுமே தேவைப்படும்.

வழக்குச் சொற்களோ வேறொரு திசையில் செல்கின்றன. உள்ளம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது, கண் குளிரக் கண்டேன் என்றே மக்கள் நிறைவைச் சொல்கிறார்கள். பசி, தாகம், காய்ச்சல், சினம் எல்லாம் ‘தணிகின்றன’. வெம்மையே இயல்புநிலையாக உள்ள நிலப்பரப்பின் மொழியில் மகிழ்ச்சி குளிர்ச்சியாகவே அறியப்படுவதில் வியப்பில்லை. கோடையில் தமிழகத்தின் மிகுந்த வெப்பம் பதிவாகும் இடங்களின் நாளேட்டுப் பட்டியலில் திருத்தணி தவறாமல் இடம்பெறுவதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

அறுபடைவீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் இவ்வூரின் பெயரைச் ‘செருத்தணி’ என விளக்குவது கோயில் மரபு. சூரனோடும் பின்னர் வேடரோடும் நிகழ்ந்த போர்களின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பது அதன் கருத்து. இது சொற்பிறப்பு ஆய்வில் நிறுவத்தக்க முடிவு அன்று. எனினும் ஒரு சமுதாயம் தன் ஊர்ப்பெயரை எவ்வாறு படித்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்படிப்பு சடங்கிலும் ஊன்றியுள்ளது. கந்த சட்டியின்போது முருகன் தலங்களில் நிகழும் சூரசம்காரம் இங்கு நிகழ்வதில்லை, மலரஞ்சலியே நிகழ்கிறது. போரின் வெற்றியைக் கொண்டாடும் மகிழ்ச்சி திருச்செந்தூருக்கு உரியது என்றால், போர் முடிந்துவிட்டது என்னும் மகிழ்ச்சி தணிகைக்கு உரியது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஒரு வேந்தனின் உவப்பு

இவ்வட்டாரத்தில் ஒரு தனிமனிதரின் உவப்பைத் தாங்கி நிற்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று மலையில் இல்லை. ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ளது. பிற்காலப் பல்லவனான அபராசிதவர்மனின் ஆட்சியில் நம்பி அப்பி என்பவர் அக்கோயிலைக் கல்லால் எடுத்தார். அதைப் பாராட்டும் தமிழ் வெண்பா ஒன்று அங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. அவ்வெண்பாவை வேந்தனே பாடினான் என்பதையும் கல்வெட்டு குறித்துச் செல்கிறது.

பல்லவர் ஆட்சி முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அபராசிதனுக்குப் பின் தொண்டை மண்டலம் சோழர் கைக்குச் சென்றது. அத்தகைய வேந்தன் தன் வெற்றியைப் பாடாமல், தன் குடிமகன் ஒருவர் எழுப்பிய கற்றளியைப் பாடியிருக்கிறான். இது தணிதலால் வந்த மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. மற்றொருவரின் செயலைக் கண்டு ஏற்பட்ட உவப்பு இது. இவ்வகை உவப்பு மிக அரிதாகவே ஆவணமாகிறது என்பதால் இக்கல்வெட்டின் மதிப்பு அரசியல் வரலாற்றோடு நின்றுவிடுவதில்லை.

கற்கண்டும் கண்ணாடியும்

முத்துசுவாமி தீட்சிதர் காசியில் தம் குரு சிதம்பரநாத யோகியை இழந்து தெற்கே திரும்பியபின் திருத்தணிக்கு வந்தார். மலையில் முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், உடனே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்னும் முதற் கீர்த்தனை மாயாமாளவகௌளையில் பிறந்தது என்றும் இசைமரபு கூறும். கற்கண்டு நிகழ்ந்ததா என்பது வரலாற்று வினாவாகாது. குருவை இழந்த ஒருவர் தம் பாடல்கள் எல்லாவற்றிலும் ‘குருகுஹ’ என்னும் முத்திரையைப் பதித்தார் என்பது வரலாறு. இழந்ததன் பெயரே அவருடைய படைப்பின் கையொப்பம் ஆகியிருக்கிறது.

இராமலிங்க அடிகளின் தொடர்பு இதினும் சிக்கலானது. சென்னையில் தமையனார் வீட்டு மாடியறையில் கண்ணாடியை வைத்து வழிபட்ட சிறுவனுக்கு அதில் தணிகை முருகன் காட்சி தந்தான் என்பது அவர் வரலாற்றில் அனைவரும் அறிந்த செய்தி. மலைக்கு ஏறாமலே மலை அவரிடம் வந்தது. ஆனால் திருவருட்பாவில் தணிகையைப் பாடும் பதிகங்களைத் தொடர்ந்து படிப்பவர், காட்சி பெற்ற மகிழ்ச்சியைவிட முறையீட்டையே மிகுதியாகக் காண்பர். ஏக்கம், தன்னிரக்கம், இன்னும் வரவில்லையே என்னும் புலம்பல் ஆகியவை அப்பதிகங்களின் பொதுக்குரல். அடிகளைப் பொறுத்தவரை தணிகை நிறைவின் பெயராக அல்ல, நிறைவை நாடும் வேட்கையின் பெயராகவே இளமையில் இருந்தது. தணிகை வந்தோர் அனைவரும் தணிந்தனர் என்னும் எளிய வாய்பாட்டை இப்பதிகங்கள் மறுக்கின்றன.

அவருடைய வேட்கை தணிந்த இடம் வேறு. 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலில் அடிகள் பசியால் உடலிலும் உள்ளத்திலும் நேரும் மாற்றங்களை ஒரு மருத்துவர் குறித்துவைப்பதைப் போல அடுக்கிச் சொல்கிறார். பிறகு உணவு கிடைத்தவுடன் உள்ளே பரவும் குளிர்ச்சியையும் முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும் விரிக்கிறார். இன்ப வாழ்வை இம்மை இன்பம், மறுமை இன்பம், பேரின்பம் என வகைப்படுத்தும் அவர், மூன்றுக்கும் வாயிலாகப் பிற உயிரின் பசி தணித்தலையே வைக்கிறார். இங்குத் தணிவது ஒருவருடைய பசி; மகிழ்வது இருவர். தமிழில் மகிழ்ச்சியைப் பற்றிய சிந்தனை வரலாற்றில் இது ஒரு திருப்பம் எனத் துணிந்து கூறலாம். தொல்காப்பியத்தில் உவகையின் அடைமொழியாக இருந்த அல்லல் நீக்கம், வள்ளலாரிடம் பிறருடைய அல்லல் நீக்கமாகி, அதுவே உவகையின் தோற்றுவாயும் ஆகிவிடுகிறது.

படித்திருவிழா

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று பசனைக் குழுவினர் படிக்கு ஒரு பாடலாகத் திருப்புகழ் பாடி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றி மேலேறுவர். நள்ளிரவில் புத்தாண்டு வழிபாடு நடைபெறும்.

இவ்விழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). பவானிப் பகுதியில் பிறந்து அர்த்தநாரி என்னும் இயற்பெயர் கொண்டிருந்த அவர் மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்தவர். தீராத வயிற்றுவலி அவரைப் பழனிக்குக் கொண்டுசென்றது. அங்கே திருப்புகழைக் கேட்டார். எஞ்சிய வாழ்நாளை அதற்கே கொடுத்தார். வலியும் பாட்டும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று பிரியவில்லை.

1910களின் இறுதியில் அவர் படித்திருவிழாவைத் தொடங்கியதற்குக் காரணம் ஆங்கிலப் புத்தாண்டு. சனவரி முதல் நாளன்று இந்திய அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் எலுமிச்சையும் பழங்களும் மாலையும் ஏந்தி வெள்ளைத் துரைமார் வீட்டு வாயிலில் காத்து நின்று வாழ்த்துக் கூறுவது அக்கால வழக்கம். அந்நாளில் துரைகளுக்கெல்லாம் துரையான தணிகேசனைக் கண்டு வணங்குவதே தக்கது எனச் சுவாமிகள் மக்களை மலைக்குத் திருப்பினார். அவர் அரசியல் மேடை ஏறியவர் அல்லர். ஆயினும் அடிமைப்பட்ட மக்களின் நாட்குறிப்பில் மிகவும் தாழ்வுணர்ச்சி தரும் ஒரு நாளைத் தேர்ந்து, அந்நாளின் உடலசைவையே அவர் மாற்றினார். குனிந்து நின்றவர்கள் ஏறத் தொடங்கினர். சமய வரலாற்று நூல்கள் இதைப் பக்திச் செயலாக மட்டும் கூறி நகர்ந்துவிடுவது குறைபாடே.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. 1947க்குப் பின் துரை இல்லை, எலுமிச்சை இல்லை. விழா மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. இன்று டிசம்பர் இறுதியில் படியேறும் இளைஞருக்கு வேலைவாய்ப்பு, தேர்வு, திருமணம், கடன் என வேறு வேட்கைகள். எந்தத் துன்பம் தணிவதற்காக இவ்விழா தோன்றியதோ அத்துன்பம் மறக்கப்பட்டுவிட்டது. தணிவிக்கும் சடங்கு எஞ்சி, வருவோர் அனைவருடைய தனித்தனி வெம்மைகளுக்கும் இடம் கொடுக்கிறது. ஒரே நாளில் ஒரே படிகளில் ஏறுவோரின் மகிழ்ச்சி ஒன்றாக இல்லாமைக்கு இதுவே விளக்கம்.

படிதோறும் பாடுவதற்குத் திருப்புகழ் கிடைத்ததன் பின்னாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு உள்ளது. நீதித்துறையில் பணியாற்றிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, அருணகிரிநாதரின் பாடல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதிப்பித்தார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972) அப்பாடல்களுக்கு உரை கண்டார். ‘தணிகைமணி’ என்னும் பட்டத்தாலேயே அறியப்பட்டார். தந்தையும் மகனும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஒரே நூற்பரப்பில் உழைத்தனர். தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் ‘புலன்’ என்பதற்கு இவர்கள் தக்க எடுத்துக்காட்டு. கிடைக்காத ஏட்டுக்காக ஆண்டுகள் காத்திருந்து ஒரு நாள் அதைக் கையில் பெறுவது எத்தகைய மகிழ்ச்சி என்பதைச் சுவடிப்புலத்தில் உழைப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

காவடி

ஆடிக் கிருத்திகை இம்மலையின் பெருவிழா. மலர்க்காவடி சுமந்தும், அலகு குத்தியும், முடி காணிக்கை தந்தும் மக்கள் வருவர். சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம் நடைபெறும். நேர்த்திக்கடன் என்னும் சொல்லே கவனிக்கத்தக்கது. நோய் நீங்கியது, பிள்ளை பிறந்தது, வழக்கு முடிந்தது. அதன்பின் ‘கடன்’ எஞ்சி நிற்கிறது. அதைச் செலுத்தும்போது உடல் வருந்துகிறது. துன்பத்தை விலக்கி இன்பத்தைப் பெருக்குவதே மனித இயல்பு எனக் கொண்ட பெந்தாமின் பயன்வழிக் கோட்பாடு இவ்விடத்தில் தடுமாறும். அலகு குத்தியவர் வலிக்கவில்லை என்று சொல்வது மட்டுமன்று, கடன் தீர்ந்தது என்று சொல்வதும் முக்கியம். அவருக்கு மகிழ்ச்சி வலியின்மையில் இல்லை, பாக்கியின்மையில் உள்ளது.

இங்கு ஒரு முறையியல் எச்சரிக்கை தேவை. வேண்டுதல், நேர்த்தி, முறையீடு ஆகியவை சடங்காகவும் பாடலாகவும் ஆவணமாகவும் எஞ்சும் இயல்புடையன. தொல்காப்பியர் நான்காவதாகச் சொன்ன விளையாட்டு அவ்வாறு எஞ்சுவதில்லை. ஏரியில் நீராடிய சிறுவரின் களிப்பையோ, கதிரறுப்பு முடிந்த மாலையில் பெண்கள் பேசிச் சிரித்த சிரிப்பையோ யாரும் கல்லில் வெட்டவில்லை. ஆகவே, தணிதலே மகிழ்ச்சியின் முதன்மை வடிவம் என்னும் கருதுகோள் ஓரளவுக்குச் சான்றுகளின் தன்மையாலேயே வலுப்பெறுகிறது என்பதையும் ஏற்றாக வேண்டும். அபராசிதனின் வெண்பா போன்ற ஒருசில விதிவிலக்குகள், எஞ்சாமல் போனவற்றின் பரப்பை ஊகிக்க உதவுகின்றன.

கே.ஜி.கண்டிகையும் எல்லைக்கோடும்

தனிமனிதர்களிடமிருந்து ஒரு வட்டாரத்தின் பொது மகிழ்ச்சிக்கு வரும்போது வினா கடினமாகிறது. திருத்தணி வட்டத்து ஊரான கே.ஜி.கண்டிகையை எடுத்துக்கொள்ளலாம். ‘கண்டிகை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகத்தின் வடகோடியில் மிகுதி. எல்லைக்கு அப்பால் அவை ‘கண்ட்ரிகா’ என ஒலிக்கும். கார்வேட்டிநகர் ஜமீன் பரவியிருந்த இவ்வட்டாரத்தில், 1900ஆம் ஆண்டில் பிறந்து நெடுநாள் வாழ்ந்து ஊரைவிட்டு அகலாத ஒருவரைக் கற்பனை செய்தால், அவர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்திருப்பார், 1911இல் சித்தூர் மாவட்டத்தவர் ஆகியிருப்பார், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தவர், 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தவர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தவர், 1969இல் தமிழ்நாட்டவர். நிலம் அசையவில்லை, அதன் மேல் எழுதப்பட்ட பெயர்கள் அசைந்துகொண்டே இருந்தன.

இம்மாற்றங்களுள் போராடிப் பெற்றது 1960ஆம் ஆண்டின் மாற்றமே. ‘வடவெல்லைத் தமிழ் முனிவர்’ எனப் போற்றப்பட்ட மங்கலங்கிழார், அறநெறித் தமிழ்ச் சங்கத்தின் வழியே இப்பகுதிச் சிற்றூர்களில் தமிழ் கற்பித்தவர். ம.பொ. சிவஞானம் 1946இல் தொடங்கிய தமிழரசுக் கழகம் இதனை மக்கள் போராட்டமாக்கியது. மறியல்கள் நடந்தன, பலர் சிறை சென்றனர், சிறையில் உயிர் நீத்தோரும் உண்டு. படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. ஈடாகச் சத்தியவேடு பகுதியும் வேறு சில ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றன.

மங்கலங்கிழார் 1953இல் மறைந்துவிட்டார். அவர் கண்டது போராட்டத்தின் வெம்மையை மட்டுமே. தணிந்த நாளைக் காண அவர் இல்லை. ம.பொ.சி. அந்நாளைக் கண்டவர். ஆனால் திருப்பதியை இழந்த குறை அவர் எழுத்திலும் பேச்சிலும் தொடர்ந்து ஒலித்தது. ஒரே போராட்டத்தில் நின்ற இருவருள் ஒருவருக்கு மகிழ்ச்சி வாய்க்கவில்லை. மற்றவருக்குப் பாதியாக வாய்த்தது. கண்ணாடியில் தணிகையைக் கண்ட அடிகளைப் பற்றி, தணிகையை மீட்கப் போராடிய ம.பொ.சி. ஒரு நூல் எழுதியதும், ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்னும் அந்நூல் 1966ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றதும் தற்செயல் எனத் தள்ளத்தக்கவை அல்ல. எல்லை வகுக்கப் போராடியவர் ஒருமைப்பாட்டை எழுதினார்.

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தில் அனைவருக்கும் ஒரே நாளாக இருந்திருக்க முடியாது. தமிழில் மனு எழுதவும் தமிழில் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் விரும்பியவருக்கு அது நீண்ட காத்திருப்பின் முடிவு. அதே ஊரில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அதுவே புதிய கவலையின் தொடக்கம். சத்தியவேட்டுத் தமிழருக்கோ நிலைமை தலைகீழ். இவ்வட்டாரத்தில் பிறந்து, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்தவர். திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் கற்றவர். அவர் தலைமுறைக்கு இவ்வூர்கள் ஒரே கல்விப் பாதையின் அடுத்தடுத்த நிறுத்தங்கள். 1960இல் அப்பாதையின் குறுக்கே ஒரு மாநில எல்லை நிலைத்தது.

தொல்காப்பியத்தின் அடைமொழியை நிபந்தனையாகக் கொண்டால், 1960இன் உவகை அல்லல் நீங்கியதா என்று கேட்க நேரும். முழுதும் நீங்கியது என்று கூற இயலாது. அதனால் அந்த மகிழ்ச்சி பொய்யாகிவிடாது. தாய்மொழியில் அரசோடு பேசும் உரிமை எளிய பேறு அன்று. ஆனால் எல்லைப் போராட்ட வரலாறுகள் வெற்றி விழாவோடு முடிவதும், எல்லைக்கு இரு புறமும் மொழிச் சிறுபான்மையினராக எஞ்சியவர்களின் அந்நாளை எழுதாமல் விடுவதும் வரலாற்று வரைவியலின் குறை. அம்மக்களின் கடிதங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், நிலப் பத்திரங்களின் மொழி மாற்றம், கொள்வினை கொடுப்பினை உறவுகள் ஆகியவை தொகுக்கப்படும்போதுதான் அந்த ஏப்ரல் நாளின் வரலாறு முழுமை பெறும்.

இதற்கிடையே கோயிலுக்கு வரும் மக்கள் தமக்கென ஒரு வழக்கத்தைக் காத்து வருகின்றனர். ஆடிக் கிருத்திகையின்போது நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து காவடிகள் வருவது 1960க்குப் பின்னும் நிற்கவில்லை. அவர்களுள் பலர் தெலுங்கில் வேண்டிக்கொள்கிறார்கள். படியேறும்போது எழுப்பும் அரோகரா முழக்கம் இரு மொழியாருக்கும் ஒன்றாகவே உள்ளது. கடன் செலுத்தியபின் அவர்கள் சரவணப் பொய்கையில் கை கால் கழுவிக்கொண்டு, மாலைக்குள் எல்லையைக் கடந்து வீடு திரும்புகின்றனர்.